கம்பெனியாகி வா என்கிறார் முதலாளி!

எண்ணெய் எடுக்கக் கம்பெனி உண்டு. இரும்பு உருக்கக் கம்பெனி உண்டு. வட்டிக்கு வட்டி போட்டு ஏழையின் வயிற்றில் அடிக்கவும் கம்பெனி உண்டு. இவை நாமறிந்தவை. ஆனால், குடிகாரக் கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணுக்கு ஆறுதல் கூறவும், ஆலை மூடியதால் அகம் ஒடிந்த தொழிலாளியிடம் அமர்ந்து பேசவும், பெற்றோரைப் போரில் பறிகொடுத்த இளைஞன் இரவில் உறங்க வழி காட்டவும் ஒரு கம்பெனியா? பங்குப் பத்திரமா? இயக்குநர் கூட்டமா?

ஆமாம் என்கிறது, கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்துச் சட்டம்.

கடல் கடந்த சங்கதி நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். 1983-ஆம் ஆண்டு இலங்கையில் தமிழர் குருதி தெருவில் ஓடிய பிறகு, உயிர் ஒன்றையே உடைமையாகக் கொண்டு ஓடிய நம் இனத்தார் ஏராளமானோர் அந்த மாகாணத்தின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியில் குடியேறினர். உணவுக் கடையில் தட்டுக் கழுவினர்; தொழிற்சாலையில் இரவு முறை பார்த்தனர்; பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அந்தப் பிள்ளைகளில் சிலர் சமூகப் பணியாளர்கள். அப்படிப்பட்ட தங்கை ஒருத்தி நமக்கு மடல் எழுதியிருக்கிறாள். ஏழு ஆண்டுகளாக மனநல ஆலோசனை நிலையம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாளாம். சென்ற மாதம் நிர்வாகி அழைத்து, இனிப்பான குரலில் இப்படிச் சொன்னாராம்: "இனிமேல் உனக்குச் சம்பளம் இல்லை. நீ ஒரு கம்பெனி ஆரம்பி. உன் கம்பெனிக்கு நாங்கள் பணம் தருகிறோம். நீயே முதலாளி! வரியும் குறையும்!"

"அண்ணா, ஆகட்டுமா, ஆக வேண்டாமா?" என்பது தங்கையின் கேள்வி. நம் ஊர்த் தொழிலாளிக்கும் இதில் சேதி இருப்பதால், அவளுக்கு எழுதியதையே இங்கும் விரித்து எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சட்டத்துக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். அங்கே 'சமூகப் பணியாளர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதி மாட்டிக்கொள்ள முடியாது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒரு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த மன்றத்துக்குக் 'காலேஜ்' என்று பெயர். பாடம் நடத்தும் காலேஜ் என்று எண்ணிவிடாதீர்கள்; தவறு செய்தவரை விசாரித்துப் பதிவை நீக்கும் காலேஜ்! 2001-ஆம் ஆண்டு நவம்பர் முதல், பதிவு பெற்ற தொழிலர்கள் தங்கள் தொழிலைக் கம்பெனியாக நடத்தலாம் என்று மாகாணக் கம்பெனிச் சட்டம் வழிவிட்டது. வழக்கறிஞர், கணக்காயர், மருத்துவர் வரிசையில் சமூகப் பணியாளருக்கும் இடம் கிடைத்தது. 'புரொபஷனல் கார்ப்பரேஷன்' என்பது அதன் பெயர். தொழில்வல்லார் கம்பெனி என்று நாம் தமிழில் அழைப்போம்.

சர்க்காரிடம் அமைப்புப் பத்திரம் பதிவு செய்தால் மட்டும் போதாது. காலேஜின் அனுமதிப் பத்திரமும் கைக்கு வர வேண்டும். அதன் பிறகே கதவைத் திறக்கலாம். பெயரின் வாலில் 'புரொபஷனல் கார்ப்பரேஷன்' என்ற சொல் தொங்கியாக வேண்டும். மற்றக் கம்பெனிகளைப் போல வெறும் எண்ணைப் பெயராகச் சூட்டி முகத்தை மறைத்துக்கொள்ள இயலாது. தொழிலையும் அதைச் சார்ந்த பணிகளையும் தவிர வேறு வியாபாரம் கூடாது. மிஞ்சிய பணத்தை முதலீடு செய்யலாம், அவ்வளவே.

இனிதான் இரண்டு பூட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பங்குகள் அத்தனையும் பதிவு பெற்ற சமூகப் பணியாளர்களிடமே இருக்க வேண்டும். இயக்குநரும் அதிகாரிகளும் பங்குதாரராகவே இருக்க வேண்டும் என்பது முதற்பூட்டு. பணமூட்டையோடு வருகிற சீமான், "நோயாளி ஒருவருக்கு அரைமணிக்கு மேல் செலவிடாதே" என்று உத்தரவு போட அங்கே நாற்காலி கிடையாது. 'இன்னாருக்கே இத்தொழில்' என்று கேட்டதும் நமக்குச் சுருக்கென்று தைக்கும். பிறப்பைக் காட்டிப் படிப்பைப் பூட்டியவர்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நிற்பவர்கள் நாம்! ஆனால் இந்தப் பூட்டின் சாவி, குலத்தில் இல்லை, கல்வியில் இருக்கிறது. படித்துப் பதிவு பெற்ற எவர் மகளுக்கும் அது திறக்கும். ஆகவே வரவேற்கிறோம்.

வரவேற்கும்போதே ஒன்று கேட்கிறோம். அதே மாகாணத்தில் மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் மட்டும் 2006-ஆம் ஆண்டு முதல் தனிச் சலுகை. அவர்களுடைய மனைவி, மக்கள், பெற்றோர், ஊசி பிடிக்கத் தெரியாவிட்டாலும், வாக்குரிமை இல்லாப் பங்குகளை வைத்துக்கொள்ளலாம். சமூகப் பணியாளர் வீட்டாருக்கு அந்தச் சலுகை கிடையாது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குப் பங்கு, தொண்டர் வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணை! குடும்பத்தார் பெயரில் வருமானத்தைப் பிரித்துக் காட்டி வரியைக் குறைக்கும் வித்தைக்கு 2018-இல் மத்திய சர்க்கார் கடிவாளம் போட்டது. அதனால் சலுகையின் சுவை குறைந்தது. ஆனாலும், பந்தியில் முதலில் யாருக்கு இலை போடப்பட்டது என்பதை மறப்பதற்கில்லை.

இரண்டாவது பூட்டு இன்னும் பெரிது. கம்பெனி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? 'லிமிடெட்' என்ற மந்திரச் சொல்! கம்பெனி கவிழ்ந்தால் கடன் கொடுத்தவன் தலையில் துண்டு; முதலாளி வீட்டுக் காரோ கொட்டகையில் பத்திரமாக நிற்கும். தொழில்வல்லார் கம்பெனியில் அந்த மந்திரம் பாதிதான் பலிக்கும். அறை வாடகை, மேசை நாற்காலிக் கடன் போன்றவற்றுக்குக் கம்பெனி சுவராக நிற்கும். அங்கும் பாங்கிக்காரர் சொந்த ஜாமீன் கேட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் சுவரில் ஓட்டைதான். ஆனால் நாடி வந்தவருக்குத் தொழிலில் தவறு இழைத்து, அவர் வழக்குத் தொடுத்தால்? பங்குதாரர் ஒவ்வொருவரும் கம்பெனியோடு சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாளி என்கிறது சட்டம். பங்குதாரராக இருந்த காலத்தில் கூட்டாளி செய்த பிழைக்கும் அப்படித்தான்! இரகசியம் காப்பதும், காலேஜின் விசாரணைக்குக் கட்டுப்படுவதும் இம்மியும் குறையாது. தொழில் பிழைக்கான காப்பீடு இல்லாமல் கடை விரிப்பது அறிவுடைமை ஆகாது.

நல்ல சட்டம் என்கிறோம் நாம். ஏழை ஒருத்தி தன் நெஞ்சைத் திறந்து கொட்டுகிறாள். அதைக் கேட்டவர் நாளை கம்பெனிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அவள் எங்கே போவாள்?

பொறுப்பு குறையவில்லை என்றால், பிறகு ஏன் கம்பெனி என்று ஓடுகிறார்கள்? அதற்கு விடை வரிப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஏற்பாடு வளர்ந்த கதையே அதற்குச் சான்று. அண்டை நாடான அமெரிக்காவில், மாண்டானா மாநிலத்து மருத்துவர் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்தனர். கம்பெனி ஊழியருக்குக் கிடைக்கும் ஓய்வூதிய வரிச்சலுகை தங்களுக்கும் வேண்டுமென்று வழக்காடி, 1954-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 1961 முதல் மாநிலம் மாநிலமாகத் தொழில்வல்லார் கம்பெனிச் சட்டங்கள் முளைத்தன. வரித்துறை ஆண்டுக்கணக்கில் முரண்டு பிடித்து, 1969-இல் இறங்கி வந்தது. ஆக, தொட்டில் ஆட்டியது தொண்டு அல்ல, தோழர்களே, வரிக்கணக்கு!

ஒண்டாரியோவின் கணக்கையும் பார்ப்போம். 2020-இல் அமைந்த விகிதப்படி, சிறு கம்பெனியின் தொழில் வருமானத்தில் முதல் 5 இலட்சம் டாலர் வரை மத்திய, மாகாண வரி சேர்த்து நூற்றுக்கு 12.2. தனி ஆளாக உச்சப் படியில் இருப்பவர், தம் கடைசி டாலர்களுக்குச் செலுத்துவதோ நூற்றுக்கு 53.53. அம்மாடி, எவ்வளவு வேறுபாடு என்று வாய் பிளக்க வேண்டாம். பத்தாயிரம் டாலரைக் கம்பெனியிலேயே விட்டுவைத்தால் 1,220 டாலர் வரி. அதை வீட்டுச் செலவுக்கு எடுக்கும் நாளில் சொந்த வரி வந்து கதவைத் தட்டும். வரி பெரும்பாலும் தள்ளிப் போகிறதே தவிரத் தள்ளுபடி ஆவதில்லை. மிச்சம் பிடித்துப் பெட்டியில் வைப்பவருக்கே இதனால் ஆதாயம். வீட்டு வாடகை, படிப்புக் கடன், ஊரில் இருக்கும் தாய்க்கு மாதப் பணம் என்று வந்ததெல்லாம் வழியோடு போகிறவருக்கு? கணக்கர் கட்டணமும், வக்கீல் கட்டணமும், ஆண்டுதோறும் இரட்டை வரி விவரமுந்தான் மிச்சம்!

இனி, தங்கையின் நிர்வாகிக்கு வருவோம். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை நாம் கதையில் கேட்டிருக்கிறோம். இங்கே அந்த ஓநாய் ஆட்டுக்குக் கம்பெனியே ஆரம்பித்துக் கொடுக்கிறது!

வேலை அதே வேலை. அறை அதே அறை. நேர அட்டவணை நிர்வாகி போடுவது. வருகிறவர்களை ஒதுக்குவதும், கட்டணத்தை நிர்ணயிப்பதும் அவரே. மாறியது ஒன்றுதான்: நேற்று தொழிலாளி, இன்று 'கம்பெனி'. கம்பெனிக்கு விடுமுறைச் சம்பளம் உண்டா? கூடுதல் நேரக் கூலி உண்டா? பணி நீக்கத்துக்கு இழப்பீடு உண்டா? ஓய்வூதிய நிதிக்கு முதலாளி செலுத்திய பாதியையும் இனித் தங்கையின் கம்பெனியே கட்ட வேண்டும். வேலையிழப்புக் காப்புறுதியோ, தன் கம்பெனியின் வாக்குப் பங்குகளில் நூற்றுக்கு 40-க்கு மேல் வைத்திருப்பவருக்குச் சாதாரண ஊழியருக்குரிய முறையில் கிடையாது. தனி ஒருத்தியின் கம்பெனியில் நூற்றுக்கு நூறும் அவளுடையதுதானே! சங்கம்? கம்பெனிக்கு ஏது சங்கம்!

வரி குறையும் என்றாரே, அதாவது உண்மையா? கனடாவின் வருமான வரிச் சட்டம் இந்தச் சூட்சுமத்தை முன்பே மோப்பம் பிடித்திருக்கிறது. இடையில் கம்பெனி என்ற திரை இல்லாவிட்டால் ஊழியராகவே கருதப்படக்கூடியவர், திரை போட்டுக்கொண்டு வேலை செய்தால், அந்தக் கம்பெனிக்குச் சிறு கம்பெனிச் சலுகை கிடையாது. ஒண்டாரியோவில் நூற்றுக்கு 44.5 வரி. செலவுக் கழிவுகளும் பெரும்பாலானவை பறிபோகும். ஐந்துக்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களை வைத்திருந்தால் விதிவிலக்காம். நிர்வாகி காட்டிய 12.2 எங்கே, வரி அதிகாரி காட்டப்போகும் 44.5 எங்கே? தண்டனையோ திரை போடச் சொன்னவருக்கு அல்ல, போட்டுக்கொண்டவளுக்கு!

நாம் பூச்சாண்டி காட்டவில்லை. அதே நாட்டில் லாரி ஓட்டுநர்கள் இதை அனுபவித்து வருகிறார்கள். லாரி முதலாளியுடையது, பாதை முதலாளி சொல்வது, ஆனால் ஓட்டுகிறவர் ஒரு கம்பெனி! 'டிரைவர் இன்க்.' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. புதிதாகக் குடியேறிய தொழிலாளர்கள் பலர் அதில் சிக்கினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. லாரிக் கொட்டகையில் பிறந்த தந்திரம் இப்போது ஆலோசனை அறைக்குள் மெத்தென்று நுழைகிறது.

பதவிப் பெயரைப் பார்த்து ஏமாறாதே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2001-இல் ஒரு வழக்கில் வழி சொன்னது. வேலை செய்பவர் தம் சொந்தத் தொழிலைத்தான் நடத்துகிறாரா என்பதே மூலக் கேள்வி. கட்டளை யாருடையது, கருவி யாருடையது, உதவியாளை அமர்த்தும் உரிமை உண்டா, நட்டம் வந்தால் யார் தலையில், இலாபம் வளர இடமிருக்கிறதா என்றெல்லாம் துருவிப் பார்க்க வேண்டும். ஒண்டாரியோவின் தொழிலாளர் சட்டமும் 2017 முதல், ஊழியரை ஊழியர் அல்லாதவராகக் காட்டுவதைத் தடை செய்திருக்கிறது. தடை ஏட்டில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டும் துணிவு, மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவளுக்கு ஒருத்தியாக நின்று வருமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தன் பெயரில் அறை எடுத்து, தன்னை நாடி வருகிறவர்களைத் தானே பார்த்து, கட்டணத்தைத் தானே விதித்து, வருமானத்தில் மீதமும் காண்கிற சமூகப் பணியாளர் கம்பெனி அமைப்பதை நாம் குறை கூறவில்லை. அமைக்கட்டும். மருத்துவருக்கு இருக்கும் வசதி அவருக்கு ஏன் கூடாது? ஸ்கார்பரோவில் தமிழில் மனம் திறந்து பேச ஓர் அறை கூடினால் நமக்கு மகிழ்ச்சியே. தானாக விரும்பி அவர் போட்டுக்கொள்ளும் சட்டை அது. பிறர் மாட்டிவிட வரும்போதுதான் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தங்கைக்கு எழுதினோம்: "நிர்வாகி வாயால் சொன்னதை எழுத்தில் கேள். எழுத்தில் வந்ததும் கையெழுத்திடாதே. முதலில் கணக்கரிடம் காட்டு. உன் நிலையத்தின் கணக்கரிடம் அல்ல, வேறு ஒருவரிடம். பிறகு தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலிடம் காட்டு. உன்னோடு வேலை பார்ப்பவர்களில் இன்னும் எத்தனை பேரைக் கம்பெனியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று விசாரி."

பதில் வந்திருக்கிறது. அவளையும் சேர்த்து ஐந்து பேராம். ஒருவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மற்ற நால்வரும் வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கூடுகிறார்கள்.