நடத்தை சரியில்லாதவனின் விலை

வங்கியில் நகைக்கடன் மேசைக்குப் பக்கத்தில்தான் என் இருக்கை. அப்ரைசர் நகையைக் கல்லில் உரசிப் பார்ப்பார். கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு, அழுக்குக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார். மிச்சத்துக்குத்தான் கடன். கொண்டுவந்த அம்மா ஒன்றும் பேசமாட்டார். பேசி என்ன ஆகப்போகிறது, தராசு அவர் கையிலா இருக்கிறது? கழிவைக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டால், நாளைக்கு நகை ஏலத்துக்கு வரும்போது எடுக்கிறவனுக்கு அந்தக் கூடுதல் தங்கம் சும்மா கிடைத்த லாபம்.

இந்தக் கழிவுக் கணக்கை மனிதர்கள்மேல் போடுவதும் உண்டு. பகிரங்கமாக, தொலைக்காட்சியில் காட்டிப் போடுகிற இடம் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசவேண்டும்: அமெரிக்கக் கால்பந்து.

'நமக்கெதுக்கு அது?' என்று தோழர்கள் கேட்கலாம். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர் கவிதையை நாம் வாசிக்கிறோம், நாவலை வாசிக்கிறோம், கூட்டம் போட்டு விவாதிக்கிறோம். கறுப்பு உடம்பை முதலாக வைத்து அந்நாட்டில் நடக்கும் மிகப் பெரிய வியாபாரங்களில் ஒன்றை மட்டும் 'ஏதோ விளையாட்டு' என்று தள்ளிவிடுகிறோம்.

நாம் காலால் உதைக்கிற கால்பந்து அல்ல அது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற, எறிகிற, மோதி விழுகிற ஆட்டம். என்.எஃப்.எல். என்ற அமைப்பில் 32 அணிகள். ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஆனால் பெரும்பங்கு முதலாளியாக ஒரு கறுப்பர்கூட இதுவரை வந்ததில்லை. கல்லூரியில் ஆடி முடிக்கிற பையன்களை இந்த அணிகள் ஆண்டுக்கொருமுறை வரிசைமுறையில் பொறுக்கி எடுக்கின்றன. எந்த ஊரில் ஆடுவது என்று பையன் தீர்மானிக்க முடியாது. அதற்கு முன்னால் இண்டியானாபொலிஸ் நகரில் அவர்களை நிறுத்தி உயரம், எடை, கையின் நீளம் எல்லாம் அளந்து, ஓடவிட்டுக் கடிகாரம் பிடிக்கிறார்கள். 2021இல் காலின் கேப்பர்னிக் தன் தொலைக்காட்சித் தொடரில் இந்தக் காட்சியை அடிமை ஏலத்தோடு நேரடியாகவே ஒப்பிட்டுக் காட்டினார். எடுத்த ஆளை இன்னொரு அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். பதிலுக்கு ஆளே வரவேண்டும் என்பதில்லை. அடுத்த தேர்வில் இத்தனையாவதாகப் பொறுக்கும் உரிமை என்று ஒரு வெறும் எண் கைமாறினாலும் போதும்.

2007 ஏப்ரலில் ராண்டி மாஸ் என்ற கறுப்பர் அப்படித்தான் கைமாறினார். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. அன்று ஓக்லாண்டில் இருந்த ரெய்டர்ஸ் அணி அவரை நியூ இங்கிலாண்ட் பேட்ரியாட்ஸுக்குக் கொடுத்தது. வாங்கிக்கொண்டது, நாலாவது சுற்றில் 110ஆவது ஆளைப் பொறுக்கும் உரிமை. ஆடத் தொடங்கிய முதல் ஆறு பருவங்களிலும் ஆயிரம் கெஜத்துக்குக் குறையாமல் எடுத்த மனிதருக்கு, யார் என்றே இன்னும் தெரியாத 110ஆவது பையன்தான் விலை. வரவேண்டிய 90 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட சம்பளத்தையும் அவர் வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு மலிவு? வயது முப்பது, முந்தைய பருவம் மோசம் என்றார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது: ஆள் தகராறு பேர்வழி.

தகராறு எங்கே ஆரம்பித்தது? மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் ராண்ட் என்ற சின்ன ஊர். டூபான்ட் ரசாயன ஆலை இருந்த பள்ளத்தாக்கு. அவர் படித்த பள்ளிக்கும் அதே பெயர். கறுப்புப் பிள்ளைகள் சொற்பம். 1995இல் அங்கே ஒரு சண்டை. வெள்ளை மாணவன் ஒருவன் பலத்த காயத்தோடு மருத்துவமனைக்குப் போனான். இனவெறிச் சொற்களில்தான் அது தொடங்கியது என்று அப்போதே பேசப்பட்டது. மாஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைத் தண்டனை பெற்றார். நோட்ர டாம் பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியது. ஃபுளோரிடா ஸ்டேட் சேர்த்துக்கொண்டது. கஞ்சா புகைத்தது பரிசோதனையில் தெரிந்ததும் அதுவும் வெளியேற்றியது. கடைசியில் சொந்த மாநிலத்து மார்ஷல் பல்கலைக்கழகம். 1998இல் என்.எஃப்.எல். பொறுக்கலில் அவருக்கு முன்னால் 20 பேரை எடுத்தார்கள். 21ஆவதாக மினசோட்டா வைகிங்ஸ் எடுத்தது. அந்தப் பருவத்திலேயே 17 டச்டவுன். தன்னை எடுக்காமல் விட்ட டல்லஸ் அணியின் மைதானத்திலேயே, மூன்றே பந்துகளைப் பிடித்து மூன்றையும் டச்டவுன் ஆக்கினார்.

2007இலும் அதே கதைதான். மலிவு விலைக்கு வந்த மாஸ் ஒரே பருவத்தில் 23 டச்டவுன் பிடித்தார். அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. முதற்கட்டத்தின் 16 ஆட்டங்களையும் அணி வென்றது. 2008 பிப்ரவரியில் இறுதிப் போட்டியில்தான் தோற்றது. உடனே என்ன சொன்னார்கள்? பேட்ரியாட்ஸின் கட்டுப்பாடு அவனைத் திருத்திவிட்டது என்றார்கள். தங்கத்துக்கு மரியாதை இல்லை, வாங்கினவனின் சாமர்த்தியத்துக்குத்தான் மரியாதை.

அந்தக் கட்டுப்பாட்டின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். அதே 2007 பருவத்தின் முதல் ஆட்டத்தில்தான் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளைக் கேமராவில் திருட்டுத்தனமாகப் படம்பிடித்து பேட்ரியாட்ஸ் மாட்டிக்கொண்டது. பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அணிக்கு இரண்டரை லட்சம் அபராதம், முதல் சுற்று உரிமையும் பறிபோனது. ஆனால் அவருடைய பெயருக்கு முன்னால் யாரும் 'நடத்தை சரியில்லாத' என்று நிரந்தர அடைமொழி ஒட்டவில்லை. மேதை என்றே எழுதினார்கள். அவர் செய்தால் தவறு, மாஸ் செய்தால் சுபாவம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பாட்டன் உண்டு. 1851இல் லூயிசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எஜமானிடமிருந்து ஓடிப்போவதை ஒரு நோய் என்றே அறிவித்து அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். விடுதலை ஆசை நோயாகிவிட்டது, அடைத்துவைத்தவன் வைத்தியனாகிவிட்டான். 2001இல் மாஸ், தனக்கு ஆடத் தோன்றும்போதுதான் ஆடுவேன் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். அவர் செய்த எதைக்காட்டிலும் அந்த வார்த்தையைத்தான் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டின. வாங்கிய உடம்புக்குள் இன்னும் ஒரு விருப்பம் உயிரோடு இருக்கிறது என்பதை வாங்கினவன் எப்படிப் பொறுப்பான்?

'அடப் போங்கண்ணே, கோடி கோடியா சம்பாதிக்கிறவனுக்கு என்ன அடிமைத்தனம்?' என்று ஒரு மாணவத் தம்பி என்னிடம் கேட்டான். அவனுக்கு கர்ட் ஃபிளட் பதில் சொல்லியிருக்கிறார். செயின்ட் லூயிஸ் அணியின் கறுப்பு பேஸ்பால் வீரர். 1969இல் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். போகமாட்டேன், நான் வாங்கி விற்கிற சரக்கு இல்லை என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 90 ஆயிரம் டாலர் வாங்குகிறவர் இப்படிப் பேசலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1972இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். ஆட்டவாழ்வும் அதோடு போனது. பின்னால் வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. அமெரிக்கக் கால்பந்தில் ஒப்பந்தம் முடிந்த வீரர் தானே அணியைத் தேடிக்கொள்ளும் உரிமை ஒழுங்காக வந்தது 1993இல்தான். பொறுக்கி எடுப்பதும் மாற்றிக் கொடுப்பதும் இன்றும் நடக்கின்றன.

இதையெல்லாம் சொல்வதால் மாஸ் செய்த எல்லாவற்றையும் நியாயப்படுத்துவதாக யாரும் நினைக்கவேண்டாம். மருத்துவமனையில் கிடந்த பையனின் வலி உண்மை. 2002இல் மினியாபொலிஸ் தெருவில் வழிமறித்து நின்ற போக்குவரத்துப் பணிப்பெண்ணைக் காரால் நெட்டித் தள்ளினாரே, அது உழைக்கிற ஒரு பெண்மீது காட்டிய அதிகாரம். நம்மவன், ஒடுக்கப்பட்டவன் என்பதற்காக அதைத் துடைத்துவிட்டால் நாம் பேசுகிற விடுதலைக்குப் பொருளில்லை. ஆனால் கழிவு போடுகிறவர்களுக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலை இருந்ததா? 2014இல் ரே ரைஸ், தான் மணக்கவிருந்த பெண்ணை நினைவிழக்கும்படி அடித்தபோது முதலில் விதித்த தடை இரண்டே ஆட்டம். அடித்த காட்சி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அணி அவரை நீக்கியது. அதே ஆண்டில் போதைப்பொருள் விதியை மீறியதற்காக ஜோஷ் கார்டன் என்ற கறுப்பருக்கு ஒரு முழுப் பருவத் தடை போட்டார்கள்; பிறகுதான் பத்து ஆட்டமாகக் குறைத்தார்கள். போதைப் பழக்கத்தோடு வெளிப்படையாகப் போராடிய அவரை 2018இல் ஐந்தாம் சுற்று உரிமை ஒன்றைக் கொடுத்து வாங்கியது யார்? அதே பேட்ரியாட்ஸ். கஞ்சாப் பரிசோதனையில் சிக்கினால் ஆடத் தடை என்ற விதியை 2020 ஒப்பந்தத்தில் என்.எஃப்.எல்.லே எடுத்துவிட்டது. மாஸ் இழந்த கல்லூரியை யார் திருப்பித் தருவது?

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. மாஸுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, மூன்றாவது, நாலாவது கூடக் கிடைத்தது. வேகமாக ஓடினார், அதனால் கிடைத்தது. வேகம் குறைந்த 2010இல் ஒப்பந்தத்தைப் பற்றி வாய் திறந்தார். மூன்றாம் சுற்று உரிமைக்கு மீண்டும் மினசோட்டாவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு மாதம் முடியுமுன் அவர்களும் கைகழுவினார்கள். அப்படியானால் ஓடத் தெரியாத பையனுக்கு? அதே மாதிரிப் பள்ளிக்கூடத்தில், அதே வசவைக் கேட்டு, அதே சண்டையைப் போட்டு, அதே சிறைக்குப் போய், ஆனால் பந்து பிடிக்கத் தெரியாத பையனை 110ஆவதாகக்கூட யார் பொறுக்குவார்கள்? தவறிலிருந்து எழுந்து நிற்கும் வாய்ப்பைத் திறமைக்குத் தருகிற சலுகையாக ஆக்கிவிட்டார்கள். மனிதன் என்பதற்காகவே அது கிடைக்கவேண்டும் என்று நாம் கேட்காவிட்டால், 'திறமையானவன், மன்னித்துவிடுவோம்' என்கிற முதலாளியின் குரலில்தான் நாமும் பேசிக்கொண்டிருப்போம்.

மாஸுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். 2018 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலம் கேண்டன் நகரில், ஆட்டத்தின் ஆகப்பெரிய கௌரவமான புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். தங்கநிறக் கோட்டு போட்டுவிட்டார்கள். கழிவெல்லாம் போய் முழுத் தங்கம் ஆகிவிட்டாராம். அன்றைக்கு அவர் கட்டியிருந்த கறுப்பு டையில் பெயர்கள் எழுதியிருந்தன. எரிக் கார்னர், சாண்ட்ரா பிளாண்ட், டாமிர் ரைஸ் என்று போலீஸ் கையிலும் காவலிலும் உயிர்போன கறுப்பு மக்களின் பெயர்கள். சாண்ட்ரா பிளாண்ட் கார் ஓட்டிக்கொண்டு போனவர். நிறுத்திய போலீஸ்காரருக்குப் பதில் பேசினார். டாமிர் ரைஸ் கேண்டனுக்கு அருகிலுள்ள கிளீவ்லாண்ட் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்த பையன். போலீஸ் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் சுட்டுவிட்டார்கள். அவனுக்கு வயது 12. அவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்று யாரும் கடிகாரம் பிடித்துப் பார்க்கவில்லை.