பாம்புக் கடியும் மந்திரமும்

கீழ்பென்னாத்தூர் வயலில் ஒருவரை நல்லபாம்பு தீண்டினால், ஓட வேண்டியது மந்திரவாதியிடமா, மருத்துவரிடமா?

நமது மூளையின் உத்தரவு நரம்பு வழியாய் ஓடி, நரம்பு நுனியில் ஊறும் ஒரு ரசத்தினால் தசையைச் சேருகின்றது. நல்லபாம்பின் விஷம் அந்த ரசத்தைத் தசை ஏற்காதபடி தடுத்து விடுகின்றது. அதனாலேயே இமை சரிகின்றது; நாக்குக் குழறுகின்றது; கடைசியில் மூச்சும் நிற்கின்றது. இதில் தெய்வக் குற்றம் எங்கே வந்தது?

மந்திரித்துப் பிழைத்தவர் உண்டே என்பீர்கள். பாம்பு விஷம் இறக்காமல் கடித்திருந்தால் சும்மா கிடந்தவனும் பிழைப்பான். பெருமை மாத்திரம் மந்திரவாதிக்கு!

1978-இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுத்த விஷத்தைக் கொண்டே விஷமுறிவு மருந்து செய்யப்பட்டது. தாழ்ந்தவரென்று தள்ளப்பட்டவர்களின் கைத்திறமை உயிர் காக்கின்றது; மந்திரமோ நாழிகையைக் கொல்லுகின்றது.

ஆகவே தோழர்களே! கடிபட்டவரை நடக்க விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.