விதியே இல்லையாம்!

ஃபிரேசல் வெர்புக்கு விதியே கிடையாது, பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழி என்கிறார் நண்பர். பொருள் விஷயத்தில் பாதி சரி. 'கிவ்', 'அப்' இரண்டையும் கூட்டினால் 'கைவிடு' வராதுதான். இது வெளிநாட்டாரைத் திணறடிக்கும் என்று 1755-லேயே தம் அகராதி முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார்.

ஆனால் சொல்வரிசைக்கும் விதியில்லை என்பது வீம்பு. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. லைட்டின் இடத்தில் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும். 'குவிக்லி'யோ வினைக்கு முன்னால் வரலாம், வாக்கியத்தின் கடைசியில் வரலாம். 'டர்ன்ட் குவிக்லி ஆஃப் த லைட்' என்று இடையில் செருகினால் வாக்கியம் நொண்டும். அப்படியானால் 'லுக்ட் கேர்ஃபுலி அட் த மேப்' எப்படிச் சரி? அங்கே 'அட்' வெறும் ப்ரெபொசிஷன். வினையைவிட 'மேப்'போடுதான் அதற்கு ஒட்டுதல் அதிகம். அதனால் வினையுரிச்சொல் நுழைய இடம் கிடைக்கிறது. ('ரைட்' ஒரு தனிப்பிறவி: 'கேம் ரைட் பேக்' என்று கூசாமல் நடுவில் நிற்கும்.)

நண்பரின் பட்டியலை வரிவிடாமல் ஒப்பிக்கும் மாணவன் தேர்வில் 'பிக் அப் ஹிம்' என்றுதான் எழுதுவான். அதற்கு எந்தப் பட்டியலில் மருந்து வைத்திருக்கிறார்?