வந்து சேர்ந்துக்கோ

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். 1997-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது அவன் மகனே பத்தாம் வகுப்பு படிக்கிறான். "டீச்சர், நம்ம செட்டு எல்லாரும் சேர்ந்து குற்றாலத்துக்கு பைக்ல போறோம். மொத்தம் 22 வண்டி. ராஜபாளையத்துல இருந்து கிளம்புறோம். நீங்கதான் வந்து கொடியசைச்சு ஆரம்பிச்சு வைக்கணும்" என்றான்.

கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் "ரெண்டு நாள் டைம் கொடுப்பா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவன் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. அந்த ரெண்டு நாளும் நான் யோசித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பைக்குக்கு எதிரி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையம் பக்கம் பள்ளிக்கூடம். சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் தொங்கியது போக, டிவிஎஸ் 50-லும் பிறகு ஸ்கூட்டியிலும் எத்தனையோ வருஷம் அந்த ரோட்டில் போய் வந்தவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிபன் கேரியரை முன்னால் மாட்டிக்கொண்டு நான் போனதை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். வண்டி தருகிற சுதந்திரம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நான் தயங்கியதற்குக் காரணம் வேறு. உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. என் தங்கை மகனிடம் கேட்டு, அவன் "எழுதுங்க பெரியம்மா" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

2011, ஆனி மாதம். அவன் காலேஜ் இரண்டாம் வருஷம். நண்பர்கள் எட்டுப் பேர், எட்டு வண்டி, குற்றாலம். எங்கள் வீட்டு வழியாகத்தான் கிளம்பினார்கள். "புளியோதரை கட்டியிருக்கேன், வாங்கிட்டுப் போ" என்று நான்தான் அவனை நிறுத்தினேன். பொட்டலம் கட்டி முடிய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தெருமுனையில் நின்ற பையன்கள் ஹார்ன் அடித்தார்கள். பிறகு ஒருவன் கத்தினான்: "நாங்க மெதுவா போறோம்டா, நீ வந்து சேர்ந்துக்கோ!"

அவர்கள் மெதுவாகப் போகவில்லை. எந்தக் காலத்தில் இளவட்டம் மெதுவாகப் போயிருக்கிறது? இவன் விரட்டிக்கொண்டு போனான். சிவகிரி தாண்டி ஒரு திருப்பத்தில், முன்னால் போன டிராக்டரை ஏறிப்போகப் பார்த்து, எதிரே வேன் வர, ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தடியில் கிடந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் ஓடிவந்து ஆள் கூட்டி 108-க்குச் சொல்ல வைத்தார்.

அவன் நண்பர்கள் ஏழு பேரும் அந்த நேரத்தில் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வரவில்லை என்பதே அவர்களுக்குக் குளித்துக் கரையேறித் துண்டு எடுக்கும்போதுதான் உறைத்திருக்கிறது. அவர்கள் கெட்ட பையன்கள் இல்லை. விஷயம் தெரிந்ததும் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஒருவன் இன்றைக்கும் என் தங்கை வீட்டுக்குப் பொங்கலுக்கு வருகிறான். ஆனால் வழி நெடுக ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பையனுக்குக் காலில் பிளேட், படிப்பில் ஒரு வருஷம் போனது, இன்றும் படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறான். எனக்குப் புளியோதரை கிண்டும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது: வந்து சேர்ந்துக்கோ.

கூட்டமாக வண்டியில் போகிறவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றால், அது இந்த வாக்கியம்தான் என்பது என் கருத்து.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிலேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நடுவில் 30-ல் போகும் ஒரு லாரி. முன்னால் போனவர்கள் தாண்டிவிட்டார்கள். கடைசி ஆள் 2 நிமிடம் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறான். அந்த 2 நிமிடத்தில் முதல் ஆள் 2 கிலோமீட்டர் போய்விட்டான். இவன் 1 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறான். இடைவெளி 1 கிலோமீட்டர். இப்போது அவனைப் பிடிக்க இவன் 80-ல் போனால் 3 நிமிடம் ஆகும். அதாவது 4 கிலோமீட்டர் தூரம் 80-ல் விரட்ட வேண்டும். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஊரோ பள்ளிக்கூடமோ ஆட்டுக்கூட்டமோ குறுக்கிடாத 4 கிலோமீட்டர் எங்கே இருக்கிறது? சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஒன்றை அடுத்து ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

இனி அதே கணக்கை மாற்றிப் போடுங்கள். கடைசி ஆள் 60-லேயே வரட்டும். முதல் ஆள் வேகத்தை 40-க்குக் குறைக்கட்டும். எத்தனை நிமிடத்தில் சேருவார்கள்? அதே 3 நிமிடம்! யாரும் விரட்டவில்லை, யாரும் நிற்கக்கூட இல்லை. பின்னால் இருப்பவன் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலையை, முன்னால் இருப்பவன் கை முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே செய்துவிடலாம். இது தெரிந்தும் பின்னால் இருப்பவனை விரட்ட விடுவது நியாயமா?

நாம் செண்பகத்தோப்புக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஒரு டீச்சர், பின்னால் ஒரு டீச்சர். மெதுவாக நடக்கிற பிள்ளையை நான் எப்போதும் எனக்கு அடுத்து, இரண்டாவதாக நிறுத்துவேன். வரிசை அந்தப் பிள்ளையின் வேகத்தில் நடக்கும். பெரிய கால்காரப் பையன்களைக் கடைசியில் நிறுத்துவேன். அதனால்தான் 40 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் 40 பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது. பைக்குக்கும் அதே வரிசைதான். புதிதாக ஓட்டுகிறவன் இரண்டாவது. நன்றாக ஓட்டுகிறவர்களில் ஒருவன் முதலில், இன்னொருவன் கடைசியில். பெரிய வண்டி வைத்திருப்பவன் முன்னால், மற்றவன் எல்லாம் பின்னால் என்ற வரிசை நமக்கு வேண்டாம்.

ஆக, கொடியசைக்க வருகிறேன். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

1. 22 வண்டியும் ஒரே வரிசையாகப் போகக் கூடாது. 60-ல் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போகும். வண்டிக்கு வண்டி ஒரு நொடி இடைவெளி விட்டாலே வரிசை 350 மீட்டரைத் தாண்டும். பின்னால் வரும் பஸ் உங்களை எப்படித் தாண்டும்? நடுவில் நுழையத்தான் செய்யும். ஐந்தாறு வண்டியாக நான்கு குழு பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பொறுப்பு. குழுவுக்குக் குழு சில நிமிட இடைவெளி.

2. இரண்டு இரண்டாக ஜோடி போட்டு, பேசிக்கொண்டு போகக் கூடாது. முதல் வண்டி நம் பாதியின் வலப்பக்கமாக, அடுத்தது இடப்பக்கமாகத் தள்ளி, மூன்றாவது மறுபடி வலப்பக்கம். நேர் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடியாவது இடைவெளி இருக்க வேண்டும். அவர் தாண்டிய மைல்கல்லை நீங்கள் "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு" சொல்லி முடிக்கும் முன்பே தொட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். திருப்பம், பாலம், ஊருக்குள் என்றால் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளியை இன்னும் கூட்டிக்கொண்டு.

3. முன்னால் போனவன் லாரியை ஏறிவிட்டான் என்பதற்காக நீயும் ஏறக் கூடாது. அவனுக்கு ரோடு காலியாக இருந்தது. உனக்கு இருக்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். அவன் கை காட்டினாலும் சரி.

4. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவன் தெரியவில்லையா, வேகத்தைக் குறை. இன்னும் தெரியவில்லையா, ஓரமாகப் பத்திரமான இடம் பார்த்து நில். நீ குறைத்தால் உனக்கு முன்னால் போகிறவனும் குறைப்பான். அப்படியே சங்கிலி போல முதல் ஆள் வரை செய்தி போய்விடும். ரோடு பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவன் வரும் வரை யாரும் நகரக் கூடாது. 2011-ல் இந்த ஒரு வழக்கம் இருந்திருந்தால், என் தங்கை மகன் விரட்டியிருக்கவே மாட்டான்.

5. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை லேசாக நினைக்காதீர்கள். புளியங்குடி தாண்டினால் பக்கவாட்டில் அடித்து வண்டியையே தள்ளும். அதோடு சாரலும் சேர்ந்தால் ரோடு வழுக்கும். சாதாரணமாக விடுகிற இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். குளித்துவிட்டு பார்டர் பரோட்டாவை ஒரு பிடி பிடித்த பிறகு உடனே வண்டியை எடுக்காதீர்கள், கண் சொருகும். இருட்டுவதற்குள் வீடு வந்து சேருங்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் நம் ரோட்டில் புதிதல்ல. மதுவைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டிய நிலையில் என் மாணவர்கள் இல்லை என்று நம்புகிறேன்.

6. ஹெல்மெட், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும். வார் மாட்டி. 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அந்த ஆண்டு அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. பெருமைப்படுகிற முதலிடமா இது?

இன்னொன்று. போனில் பேசியவன் போகிற போக்கில், "என் பையனும் தனி வண்டியில வர்றான் டீச்சர், சூப்பரா ஓட்டுவான்" என்றான். சூப்பராக ஓட்டட்டும். லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனை பெற்றவருக்கு: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து. சட்டத்தை விடு. பத்தாம் வகுப்புப் பிள்ளை, நாற்பது வயதுக்காரர்கள் 20 பேர் முன்னால் தான் சளைத்தவன் இல்லை என்று காட்டத்தான் பார்ப்பான். அவன் உன் பின்னால் உட்கார்ந்து வரட்டும். ஆக வண்டி 21.

இதையெல்லாம் சொன்னால், "சந்தோஷமா போறோம், அதுக்கு முட்டுக்கட்டை போடாதீங்க டீச்சர்" என்று சிரிப்பீர்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்தவள். வடம் பிடிக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தோடு சக்கரமாக நடந்து, நேரம் பார்த்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருப்பதால்தான் அவ்வளவு பெரிய தேர் நான்கு தெருவும் சுற்றி நிலைக்கு வருகிறது. முட்டுக்கட்டை தேரை நிறுத்துவதற்கு மட்டும் இல்லை கண்ணுகளா. தேர் பத்திரமாக ஓடுவதற்கும் அதுதான்.

"எதுக்கு வம்பு, பஸ்ல போங்க" என்றும் நான் சொல்லப்போவதில்லை. தனியாக ஒருவன் விழுந்தால், ஆடு மேய்க்கும் பெரியவர் வந்தால் உண்டு. கூட்டமாகப் போனால் கூடவே இருபது பேர் துணை. ஆனால் திரும்பிப் பார்க்கிற வரைதான் அது துணை. பார்க்காவிட்டால் அதே கூட்டம் ஒருவனை விரட்டுகிற கூட்டமாகிவிடும்.

நாம் நினைத்தபடியே எல்லாம் நடக்காது. அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். யார் அடிபட்டுக் கிடந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள். உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் உண்டு.

சரி, கொடி விஷயத்துக்கு வருகிறேன். ராஜபாளையம் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸ் போகும்போது கடைசிப் பெட்டியின் பின்னால் ஒரு பெரிய பெருக்கல் குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறியைப் பார்த்த பிறகுதான் முழு ரயிலும் வந்துவிட்டது, வழியில் பெட்டி எதுவும் கழன்றுவிடவில்லை என்று ஸ்டேஷன்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். எஞ்சின் வந்துவிட்டது என்பதற்காக ரயில் வந்துவிட்டது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

அதனால் நானும் காலை ஐந்தரைக்கு வந்து கொடியசைப்பேன். அசைத்த கொடியை ஒவ்வொரு குழுவிலும் கடைசி வண்டிக்காரன் கையில் கொடுப்பேன். நான்கு கொடி தைத்து வைத்துவிட்டேன். புளியங்குடியில் டீ குடிக்க நிறுத்தும்போது வருகைப் பதிவு எடுங்கள், "உள்ளேன் டீச்சர்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். குற்றாலம் போனதும் நான்கு கொடியும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள். அதற்குப் பிறகு அருவியில் இறங்குங்கள்.

இந்த முறையும் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன். எல்லோரும் வாங்கி வண்டியில் வைத்து முடிகிற வரை ஒரு வண்டியும் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஸ்ரீவில்லிபுத்தூர்