கடினக் கூரையா, துணிக் கூரையா?
2020இல் வெளிவந்த புதிய மஹிந்திரா தார், கடினக் கூரையுடனும் மடக்கக்கூடிய துணிக் கூரையுடனும் விற்பனைக்கு வந்தது. திறந்த வண்டியின் இன்பத்தை நான் மறுக்கவில்லை. டிசம்பர் மாதத்து ஜெய்சல்மேர் சாலையில் அதற்கு ஈடில்லை. ஆயினும் மே மாத வெயிலிலும் பருவமழையிலும் தெருவோரம் நிற்கும் வண்டிக்குத் துணிக் கூரை தகாது என்பதே என் கருத்து. ஒரு கத்தி போதும், உள்ளே கை நுழைய.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பாரும் உளர். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு முரண்படும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அவ்வாறு திருத்திய வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். கடன் தவணையோ நிற்காது. ஆகவே வண்டி இரவில் எங்கே நிற்கும் என்பதைப் பார்த்தே கூரையை முடிவு செய்யுங்கள். பூட்டிய கொட்டகை உடையவர்கள் தாராளமாகத் துணிக் கூரையையே வாங்கலாம்.