சாலையில் பதித்த சூரியசக்தித் தகடுகள்

2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள டுரூவ்ர் என்ற சிற்றூரில் ஒரு சாலை திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையின் மேற்பரப்பில் 2,800 சதுர மீட்டர் அளவுக்குச் சூரியசக்தித் தகடுகள் ஒட்டப்பட்டிருந்தன. செலவு 5 மில்லியன் யூரோ. நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சரே வந்து திறந்துவைத்தார். 5,000 பேர் வாழும் ஊரின் தெருவிளக்குகளுக்குப் போதுமான மின்சாரத்தை இந்தச் சாலை தரும் என்று சொல்லப்பட்டது. உலகெங்கும் செய்தித்தாள்கள் அதைப் படத்துடன் வெளியிட்டன. வாகனங்களும் ஓடும், மின்சாரமும் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்று ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது. முதல் ஆண்டில் எதிர்பார்த்த மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. பின்னர் அதுவும் குறைந்துகொண்டே போனது. உழவு இயந்திரங்களும் கனரக வாகனங்களும் ஏறி இறங்கியதில் தகடுகளின் இணைப்புகள் பெயர்ந்தன. சில இடங்களில் தகடுகளையே அகற்ற வேண்டியதாயிற்று. வாகனங்கள் ஓடும்போது எழுந்த இரைச்சலால் வேக வரம்பை மணிக்கு 70 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். ஊர்களுக்கு இடையிலான போக்குவரத்தைத் தாங்கும் அளவுக்கு இத்தொழில்நுட்பம் முதிர்ச்சி அடையவில்லை என்று, அதை உருவாக்கிய நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. திறப்பு விழாவைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள் என்பது ஐயத்திற்குரியது.

வெளிப்படையாகச் சொன்னால், இந்த முடிவைக் கண்டறிய மூன்று ஆண்டுகளும் 5 மில்லியன் யூரோவும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. உயர்நிலைப் பள்ளி இயற்பியல் பாடமே பெரும்பகுதி விடையைச் சொல்லியிருக்கும். சூரியசக்தித் தகடு நன்றாக வேலை செய்வதற்கு என்ன வேண்டும்? சூரியனை நோக்கிய சாய்வு வேண்டும். நிழலும் தூசியும் படியக் கூடாது. தகடு அதிகமாகச் சூடேறக் கூடாது; வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது அதன் மின்னுற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். சாலையில் இவற்றுள் எது கிடைக்கும்? சாலை மட்டமாகக் கிடக்கிறது. நார்மண்டி, நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் வடக்கே இருப்பதால் அங்குக் கதிர்கள் சாய்வாகவே விழுகின்றன. மட்டமான தகடு அவற்றில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. சாலையில் டயர் கரியும் மண்ணும் படிகின்றன. இலையுதிர்காலத்தில் சருகுகள் மூடிக்கொள்கின்றன. போகின்ற ஒவ்வொரு வாகனமும் நிழலை வீசிச் செல்கிறது. தகட்டின் அடியில் காற்று புகுந்து வெப்பத்தைத் தணிக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, பல டன் எடையைத் தாங்குவதற்காகத் தகட்டின்மேல் தடித்த பாதுகாப்புப் பூச்சு வேண்டும். சக்கரம் வழுக்காமலிருக்க அது சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். ஒளியை உள்ளே விட வேண்டிய மேற்பரப்பே ஒளியைத் தடுக்கும்படி அமைந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் இதே சாலையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே நிற்பதால், மட்டமாக வைப்பது இங்குப் பெரிய குறையாகாது. நார்மண்டிக்குப் பொருந்தும் ஒரு வாதம் இங்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், மற்றக் குறைகள் அப்படியே இருக்கும். சில இன்னும் மோசமாகும். இங்குள்ள சாலைகளின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடைவிரித்து நிற்கின்றன. அந்த நிழலுக்காகத்தான் அவற்றை நட்டு வளர்த்தார்கள். குழாய் பதிக்கவும் கம்பி மாற்றவும் சாலைகள் தோண்டப்படுவது அன்றாடம் காணும் காட்சி. நண்பகலில் தார்ச் சாலையின் சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இத்தகைய செய்திகளில் எண்கள் இல்லாமல் இல்லை. எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நெதர்லாந்தின் குரோமனி நகரில் 2014ஆம் ஆண்டு 70 மீட்டர் நீளத்திற்குச் சூரியசக்தி மிதிவண்டிப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. முதல் ஆறு மாதங்களில் அது ஏறத்தாழ 3,000 கிலோவாட்-மணி மின்சாரத்தைத் தந்தது. தனியாக வாழும் ஒருவரின் வீட்டுக்கு ஓராண்டுக்குப் போதுமான மின்சாரம் என்று அந்தச் செய்தி பெருமையாகப் பேசப்பட்டது. அந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படித்தால் அதிலுள்ள வேடிக்கை புரியும். பொறியாளர்களும் ஆய்வாளர்களும் கூடிச் சிறப்புக் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டு அமைத்த ஒரு பாதை, ஆறு மாதங்கள் உழைத்து, ஒரே ஒருவரின் வீட்டு மின்தேவையை நிறைவேற்றியிருக்கிறது. அதே தகடுகள் ஒரு கூரையில் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும், எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற ஒப்பீடுதான் வாசகருக்குத் தேவைப்பட்ட எண். பெரும்பாலான செய்திகளில் அது இல்லை.

அமெரிக்காவில் இதே போன்ற திட்டம் ஒன்றுக்காக 2014இல் பொதுமக்கள் இணையத்தின் வழியாக 2 மில்லியன் டாலருக்கும் மேல் வாரி வழங்கினார்கள். சீனாவின் ஜினான் நகரில் 2017 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட சூரியசக்திச் சாலையிலோ, ஒரு வாரம் முடிவதற்குள் தகட்டின் ஒரு பகுதி திருடுபோய்விட்டதாகச் செய்தி வந்தது. கூரையில் வைத்த தகட்டைத் திருட ஏணியாவது வேண்டும்!

இப்படிக் கடுமையாகப் பேசுவது புதுமைக்குத் தடை போடுவதாகாதா என்று சிலர் கேட்பார்கள். தோல்வியே இல்லாமல் அறிவியல் வளருமா என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நார்மண்டிச் சாலைகூட ஈராண்டுச் சோதனை என்றுதான் அறிவிக்கப்பட்டது. தகடுகள் எவ்வாறு தேய்கின்றன, எங்கே பிளக்கின்றன என்ற அறிவு அதிலிருந்து கிடைத்திருக்கும். ஆனால், ஒரு கிலோமீட்டர் சாலை முடிவதற்கு முன்பே, 2016இன் தொடக்கத்திலேயே, நாடெங்கும் 1,000 கிலோமீட்டர் நீளத்திற்கு இத்தகைய சாலைகள் வரும் என்று அமைச்சர் அறிவித்துவிட்டார். சோதனை முடிவதற்கு முன்பே விடையை எழுதிவிட்டால், அதைச் சோதனை என்று சொல்வது எப்படி?

அதே 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள தெங்கே நீர்த்தேக்கத்தில் வேறொரு சோதனை தொடங்கியது. மிதக்கும் சூரியசக்தித் தகடுகள் நீரில் எப்படி வேலை செய்யும் என்பதுதான் கேள்வி. ஒரு மெகாவாட் அளவில், பத்து வெவ்வேறு மிதவை அமைப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். எது கூடுதல் மின்சாரம் தருகிறது, எது விரைவில் பழுதடைகிறது என்று அளந்தார்கள். தகடுகள் நீரின் தரத்தைக் கெடுக்குமா, பறவைகளையும் மற்ற உயிரினங்களையும் பாதிக்குமா என்றும் ஆய்ந்தார்கள். பரபரப்பான தலைப்பு வைக்க அதில் ஒன்றும் இல்லை. படம் பிடித்தாலும் நீரில் மிதக்கும் சில தகடுகள்தான் தெரியும்.

அதன் பலன் 2021 ஜூலையில் தெரிந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் செம்ப்கார்ப் நிறுவனமும் சேர்ந்து, அதே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட மிதக்கும் பண்ணையைத் திறந்தன. 122,000 தகடுகள், ஏறத்தாழ 45 காற்பந்துத் திடல்களின் பரப்பு. சிங்கப்பூரின் ஐந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தேவையான மின்சாரத்திற்கு ஈடானதை அது உற்பத்தி செய்கிறது. நிலம் குறைந்த நாட்டில் நீர்ப்பரப்பு வெறுமனே கிடக்காமல் இன்னொரு வேலையும் செய்கிறது. தகட்டின் அடியிலிருக்கும் நீர் அதைக் குளிர்விப்பதால், கூரைத் தகடுகளைவிட இங்கு மின்னுற்பத்தி கூடுதலாகவே இருக்கிறது. சாலையில் எது பகையாக இருந்ததோ, அது நீரில் நட்பாகிவிட்டது. மரநிழல் இல்லை, மேலே ஓடும் லாரியும் இல்லை.

இரண்டு திட்டங்களிலும் தகடு ஒன்றுதான். 'இடம் இருக்கிறது, ஒட்டிவிடலாம்' என்று ஒன்று நினைத்தது. 'இந்த இடம் இதற்குப் பொருந்துமா?' என்று மற்றொன்று முதலில் கேட்டது. செய்தியைப் படிப்பவரும் இதே கேள்வியைக் கேட்கலாம். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சலித்துப்போன பழைய வழி எது, அதைவிடப் புதிய வழி எந்த விதத்தில் மேலானது, எவ்வளவு மேலானது என்று கேட்டாலே போதும். பாதிச் செய்திகள் அங்கேயே தடுமாறும்.

இதில் இழப்பு பணம் மட்டுமன்று. நார்மண்டிச் சாலை பழுதானபோது, 'சூரியசக்தியே பயனற்றது' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது நல்ல சான்றாகப் போயிற்று. தவறு சூரியசக்தியில் இல்லை, அதை வைத்த இடத்தில்தான் என்று விளக்க யாருக்கும் பொறுமை இல்லை. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உண்மையான தீர்வுகள் தேவைப்படும் காலத்தில், மக்களின் நம்பிக்கையை இப்படி வீணாக்குவது மிகப் பெரிய செலவு. எல்லாவற்றையும் எள்ளி நகையாடுபவரும் எல்லாவற்றையும் கைதட்டி வரவேற்பவரும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள். இருவருமே எண்களைப் பார்ப்பதில்லை.

பிரான்சும் அத்துடன் நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டு அங்கு ஒரு சட்டம் வந்தது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி வாகன நிறுத்துமிடங்களில் குறைந்தது பாதிப் பரப்புக்குச் சூரியசக்திக் கூரை அமைக்க வேண்டும் என்றது அச்சட்டம். சக்கரத்தின் அடியில் கிடந்த தகடு இப்போது வாகனத்திற்கு மேலே ஏறியிருக்கிறது. அங்கு அதன்மீது எந்த லாரியும் ஏறாது. கீழே நிற்கும் கார்களுக்கு வெயிலும் படாது.