கடல்மேல் ஒரு பத்தியம்



கொடுமுடிப் பக்கத்தில், காளிங்கராயன் வாய்க்காலின் கடைமடையில் மஞ்சளும் கரும்பும் பயிரிட்டு வரும் பெரியவர் ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். வயது 68. மகளும் மருமகனும் சிங்கப்பூரில் பணி செய்கின்றனர். சென்ற ஆண்டு அவர்கள் பெற்றோரை அங்கே வரவழைத்து, பினாங்கு வரை சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் நான்கு இரவுப் பயணத்துக்குச் சீட்டும் எடுத்துவிட்டனர். புறப்பட இரண்டு மாதம் இருக்கையில், ஞாயிறு திருப்பலி முடிந்தபின், கணவனும் மனைவியும் ஆலய வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றனர்.

“ஏனுங்க சாமி, இவருக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. கப்பல்ல சோறு எப்படியிருக்குமோ தெரியலீங்க. தூக்குப்போசியில நானே ஆக்கி எடுத்துக்கறேன்னா, அதெல்லாம் உள்ளே விடமாட்டாங்கன்னு மக சொல்றா” என்றார் அம்மையார்.

பெரியவர் சிரித்தார். “நாலு நாள்தானுங்க சாமி. நாலு நாள்ல ஒண்ணும் ஆயிராதுங்க.”

அச்சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இவர் வேளாங்கண்ணிக்கு வேனில் சென்றபோதும் இதே சொல்லைச் சொல்லித்தான் புறப்பட்டார். அப்போதே அவருக்கு இதயம் வலுக்குறைந்திருந்தது. நீர் பிரியும் மாத்திரை உண்டு வந்தார். வழியெல்லாம் உணவு விடுதிச் சாம்பார், சட்டினி, அப்பளம், ஊறுகாய். கடற்கரையில் மசாலா தடவிப் பொரித்த மீன். இரண்டாம் நாள் மாலையே செருப்பு இறுகிற்று. மூன்றாம் நாள் இரவு படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சுக்குத் தவித்தார். விடியுமுன் மருத்துவமனையில் சேர்த்தனர். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆறு நாள் கிடந்து பிழைத்து வந்தார். அங்கே மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “என்ன சாப்பிட்டீர்கள்?” என்பதுதான்.

அந்தப் பயணத்தின் முதல் வேளையிலேயே அம்மையார் பரிமாறுகிறவரிடம், இவருக்கு உப்பில்லாமல் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்க வாய் திறந்திருக்கிறார். “பத்துப் பேர் முன்னால மானத்தை வாங்காதே” என்று பெரியவர் அடக்கிவிட்டார். இதை அம்மையார் மரத்தடியில் சொன்னபோது பெரியவர் தலை குனிந்துகொண்டார்.

நம் கொங்கு மக்களின் இயல்பு அது. விருந்துக்குப் போன இடத்தில் இலையில் விழுந்ததை உண்டு எழுவதே மரியாதை. இது வேண்டும், அது வேண்டாம் என்பது பரிமாறுபவரைக் குறை கூறுவது போலாகும். நல்ல பண்புதான். ஆனால் இதயம் வலுக்குறைந்த மனிதனை அது கொன்றுவிடக்கூடும். ஆகவே அன்று நான் அவருக்குப் புத்திமதி எதுவும் கூறவில்லை. நானும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவன் ஆதலால், அறிந்ததை மட்டும் எடுத்துரைத்தேன். பிறருக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

உப்பில் உள்ள சோடியம் எங்கிருக்கிறதோ அங்கே நீரைப் பிடித்து நிறுத்தும். உடலில் சோடியம் மிகும்போது நீரும் தேங்கி, குருதியின் அளவு பெருகுகிறது. திடமான இதயமும் சிறுநீரகமும் அதை வடித்துவிடும். வலுக்குறைந்த இதயமோ, மடை தூர்ந்த வயல் போன்றது. வந்த நீர் போக வழியின்றிக் காலிலும் வயிற்றிலும் கடைசியில் நுரையீரலிலும் தேங்கும். கடைமடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நாளொன்றுக்கு வளர்ந்தவர் ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதில் அடங்கிய சோடியம் 2 கிராம். பெரியவருக்கு அவருடைய மருத்துவர் விதித்த அளவும் அதுவே. இதற்கும் கீழே, அறவே உப்பில்லாமல் போனால் இன்னும் நல்லதல்லவா என்று அம்மையார் கேட்டார். அப்படித் தோன்றலாம். ஆனால் 806 இதய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஒன்றரைக் கிராம் சோடியத்துக்கும் கீழே இறக்க முயன்றதால் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. நீர் பிரியும் மாத்திரை உண்ணும் முதியவருக்குச் சோடியம் மிகக் குறைந்து மயக்கம் வருவதும் உண்டு. ஆகவே மருத்துவர் சொன்ன அளவே அளவு. நாமாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இனிக் கப்பலுக்கு வருவோம். ‘ரஜூலா’ என்ற கப்பல் 1926 தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியது. பிழைப்புத் தேடி மலாயா சென்ற நம்மவர் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றனர். இப்போது அதே கடலில் உல்லாசமாகச் சென்றுவர மிதக்கும் மாளிகைகள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூன் மாதம் அத்தகைய கப்பலொன்று புறப்பட்டதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். இக்கப்பல்களில் உணவுக்குக் குறைவே இல்லை. விடிந்தது முதல் நள்ளிரவு வரை ஏதேனும் ஒரு கூடத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பல நூறு பேருக்கு ஒரே கொப்பரையில் சமைத்து வைத்த குழம்பிலிருந்து உப்பை எவராலும் திரும்ப எடுக்க இயலாது.

ஆனால் அதே கப்பலில் மேசையில் அமர்த்திப் பரிமாறும் உணவுக்கூடமும் உண்டு. அங்கே பல பண்டங்களைக் கேட்ட பிறகே ஆக்குவார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே “குறைந்த உப்பு உணவு” என்று எழுத்தில் தெரிவித்துவிட்டால் சமையற்கூடத்துக்குச் செய்தி போய்விடும். பல கப்பல் நிறுவனங்கள் ஒரு மாதமோ அதற்கும் மேலோ முன்னதாகக் கேட்கின்றன. ஏறிய அன்றே தலைமைப் பரிசாரகரைத் தனியே கண்டு சொல்லவேண்டும். மறுநாள் உண்ண விரும்புவதை முதல்நாள் இரவே குறித்துக் கொடுத்தால், உப்பிடுமுன் ஒரு பங்கைத் தனியே எடுத்துச் சமைக்க முடியும். இவ்வளவுதான் சூட்சுமம். செலவில்லை, வாய் மட்டும் திறக்கவேண்டும்.

அதுதான் நம் பெரியவருக்கு இயலாதது. மகள் ஒரு வழி கண்டாள். சட்டைப்பையில் அடங்கும் அட்டையொன்றில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள்: இவர் இதய நோயாளி, உப்பும் சோயாச் சாறும் சேர்க்காமல் மீனையோ கோழியையோ வாட்டித் தருக, காய்களை வெறுமனே வேக வைத்துத் தருக, குழம்பு வகைகளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க. வாய் திறக்கத் தேவையில்லை. அட்டையை நீட்டினால் போதும்.

சோயாச் சாற்றைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு மேசைக்கரண்டிச் சாற்றிலேயே ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒருநாள் அளவில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்த உப்பைவிட மறைந்த உப்பே பெரிது. இனிப்பாகத் தோன்றும் ரொட்டியில் ஒரு துண்டுக்கு 100 முதல் 200 மில்லிகிராம். பாலாடைக்கட்டியிலும், பதப்படுத்திய இறைச்சியிலும், சூப்பிலும் மிக அதிகம். நம் வீட்டு அப்பளமும் அப்படியே. மாவில் இட்ட உப்போடு அப்பளக்காரமும் சோடியமே. விருந்துண்டு வயிறு மந்தமானால் நீரில் போட்டுப் பொங்கவைத்துக் குடிக்கும் உப்புத்தூள் இருக்கிறதே, அதுவும் சோடியம்தான். இதை அறியாமல், நாளெல்லாம் பத்தியம் காத்து, படுக்கைக்குப் போகுமுன் ஒரு குவளையில் அத்தனையையும் குடித்துவிடுகிறவர்கள் உண்டு. பொங்கிக் கரையும் வலிமாத்திரைகளும் பெரும்பாலும் அவ்வகையே.

உப்பற்ற வாட்டு மீனுக்கு எலுமிச்சையும் மிளகும் போதும். முதல் இரண்டு நாள் நாக்கு முரண்டும், பிறகு இணங்கும். கடைகளில் “குறைந்த சோடியம்” என்று விற்கும் மாற்று உப்பை அம்மையார் வாங்கி வைத்திருந்தார். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நலமாயிருப்பவர்க்கு அது நல்லதே. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், இதயத்துக்கும் அழுத்தத்துக்கும் சில மாத்திரைகள் உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாமென்று அதை வீட்டிலேயே வைத்துவிடச் சொன்னேன். இந்துப்பு நல்லதென்று அண்டை வீட்டார் கொடுத்தனுப்பியதும் அப்படியே. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பெயர்தான் வேறு.

கப்பலில் குடிநீர் உப்புக் கரிக்குமோ என்ற ஓர் அச்சமும் அவருக்கு இருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பது மெய். ஆயினும் கப்பலில் அதைக் காய்ச்சி வடித்தோ சவ்வு வழியாகச் செலுத்தியோ உப்பு நீக்கியே குடிக்கத் தருகிறார்கள். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைத்தால் அது அறைக்கு வந்து சேர மாலையாகலாம், கைப்பையில் இருக்கவேண்டும். அலையில் வாந்தி கண்டால், நீர் பிரியும் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைக் கப்பல் மருத்துவரே சொல்லவேண்டும். நாள்தோறும் காலையில் எடை பார்க்கவேண்டும்; மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையன்று, நீர். கப்பல் ஆடும்போது எடைப்பொறியும் ஆடும். அப்போது கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தால் குழி விழுகிறதா என்று தெரியும். படுத்தால் மூச்சுத் திணறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை மட்டும் இருவரையும் இருமுறை திருப்பிச் சொல்லச் செய்தேன்.

புறப்படுமுன் அம்மையார் தாமும் அவரோடு அந்த உணவையே உண்ணப்போவதாகச் சொன்னார். பெரியவர் மறுத்தார். அப்போது நான் காந்தியடிகள் தம் ‘சத்திய சோதனை’யில் எழுதியிருப்பதைக் கூறினேன். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் நோயுற்றிருந்தபோது உப்பையும் பருப்பையும் விடும்படி அவர் வேண்டினார். உங்களாலேயே விட முடியாதே என்று அம்மையார் சொல்லிவிட, அக்கணமே ஓராண்டுக்கு இரண்டையும் தாம் விடுவதாகக் கணவர் உறுதி பூண்டார். மனைவி அழுது மன்றாடியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. உப்பு வரியை எதிர்த்து 1930-இல் தண்டிக்கு நடந்தவர் பல ஆண்டுகளுக்கு முன்பே மனைவியின் பொருட்டு உப்பைத் துறந்தவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பெரியவர் கேட்டுவிட்டு, “அவரு மகாத்மாவுங்க, இவ மூணு வேளையும் ஊறுகா திங்கறவ” என்றார். அம்மையார் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அம்மையார் சொன்னபடியே செய்தார். முதல் இரவு அட்டையை நீட்டப் பெரியவர் கை எழவில்லையாம். மருமகன் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை, முட்டை ஆக்கித் தரும் மேசையில் இவரே நீட்டியிருக்கிறார். ஆக்கியவர் கேரளத்துக்காரர். அட்டையைப் படித்துவிட்டு, தம் தகப்பனாருக்கும் இதே பத்தியம் என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாராம். அதன் பிறகு கூச்சம் போயிற்று. பினாங்கில் இறங்கியபோது மட்டும் தெருக்கடையில் வறுத்த நூடுல்ஸ் அரைத் தட்டு உண்டுவிட்டார்; மறுநாள் காலுறையின் விளிம்பு காலில் வரியாகப் பதிந்திருந்தது. அன்று முழுவதும் பழமும் வெறுஞ்சோறும் தயிருமாக இருந்து, மாலையில் அது வற்றிற்று. “அதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணோணுங்களா சாமி?” என்று கேட்டார். டாக்டரிடம் செய்யுங்கள் என்றேன்.

ஊர் திரும்பிய அன்று அவருடைய எடை புறப்பட்ட நாளைவிட 300 கிராம்தான் கூடியிருந்தது. அந்த அட்டை இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. சென்ற மாதம் நம் பங்குத் திருவிழா விருந்தில் சாம்பார் வாளியோடு வந்த இளைஞனிடம் அதை நீட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் சோயாச் சாறு என்று கண்டு திகைத்த அவன், அட்டையை எடுத்துக்கொண்டு பந்தியைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தான்.